கட்டிலுக்கு அடியில் 479 பிரதிகள்!

புத்தகம் போடுவது இப்போதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஆபீஸ் சொசைட்டியில் ஒரு லோன் போட்டால் போதும். அச்சு, அட்டை, பைண்டிங் எல்லாம் முடிந்து 500 பிரதிகள் ஆட்டோவில் வந்து இறங்கிவிடும். அப்புறம்தான் வீட்டுக்குத் தெரியும்!

நான் முன்பு கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியில் எனக்கு சீனியர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம்... ஆபீஸே அவரை 'டிராம் சார்' என்றுதான் கூப்பிடும். சென்னையில் ஓடிய டிராம்களைப் பற்றி ஒன்பது வருஷம் தகவல் சேர்த்துப் புத்தகம் எழுதியவர். யாராவது தயிர்சாத டப்பாவைத் திறந்தால் போதும், "1895-ல தம்பி... இந்தியாவிலேயே முதல் எலெக்ட்ரிக் டிராம் நம்ம ஊர்லதான்!" என்று ஆரம்பித்துவிடுவார். அவருடைய தாத்தா டிராம் கண்டக்டர். 1953 ஏப்ரலில் டிராம் ஓட்டம் நின்றபோது வேலை போனவர்.

புத்தகம் வந்ததும் சார் பத்திரிகை, டி.வி. என்று 22 இடங்களுக்கு கூரியரில் அனுப்பினார். புத்தகம் 200 ரூபாய், கூரியர் 60. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? மொத்தம் 5,720 ரூபாய் செலவு. வரவுப் பக்கம்? ஒரே ஒரு பத்திரிகையில் 'நூல் வரவு' என்று ஒரு வரி. அதிலும் 'டிராம்' என்பது 'டிரம்' என்று அச்சாகியிருந்தது. யாரோ ஒருவர் எப்படியோ நம்பர் தேடிப் பிடித்து, "இதுல தவில் பத்தியும் இருக்கா சார்?" என்று கேட்டாராம்.

அதைவிடக் கொடுமை, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் தன் புத்தகத்தைத் தானே பார்த்ததுதான். முதல் பக்கத்தில் 'ஆசிரியர் அவர்களுக்கு அன்புடன்' என்று அவருடைய கையெழுத்து! 30 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "தெரிஞ்சவங்க யாராவது பாத்தா அசிங்கம் தம்பி..." என்றார். கட்டிலுக்கு அடியில் 478 இருந்தது, 479 ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அனுப்பிய கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டரைப் பக்கம். 'தமிழ்கூறும் நல்லுலகில் இதுவரை வெளிவராத அரிய ஆவணம்' என்று தொடங்கி, 'தங்கள் மேலான மதிப்புரையை நாடும்' என்று முடிந்தது. போன் நம்பர் மட்டும் இல்லை! தாத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால், "அது நம்ம சொந்தக் கதைதானேப்பா" என்கிறார்.

அங்கேதான் கோளாறு. பத்திரிகை ஆபீசுகளுக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள்' என்ற சம்பிரதாயப்படி வரும் புத்தகங்கள் மேஜை நிரம்பி, நாற்காலி நிரம்பி, தரைக்கு இறங்கியிருக்கும். மதிப்புரைப் பக்கமோ கையளவு. அந்த கியூவில் நிற்பதற்குப் பதில் பக்கத்து கவுன்ட்டரைப் பார்க்க வேண்டும், அதாவது நிருபர். புத்தகம் வந்தது எழுதியவருக்குத்தான் சேதி. தாத்தா டிக்கெட் கொடுத்த தோல் பையைப் பேரன் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார் பாருங்கள், அது ஊருக்கே சேதி!

"நானே ஒரு மதிப்புரை எழுதிக் கொடுத்துடவா?" என்றார் சார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ல் தன் புத்தகத்துக்குப் பெயர் போடாமல் தானே மதிப்புரை எழுதியவர்தான். அவர் விட்மன், மன்னித்துவிட்டார்கள். நமக்கு வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் சார் பேப்பர்களின் சென்னைப் பக்கத்தை மட்டும் படித்தார். பழைய மெட்ராஸ் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று பார்த்து மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டார். 'ஆசிரியர் அவர்களுக்கு' என்று போனால் கடிதம் யாருக்கும் போவதில்லை. பெயருக்குப் போனால் அந்த ஆள் பிரிக்கவாவது செய்வார்.

அடுத்தது தேதி. ஜனவரி புத்தகக் காட்சி சமயத்தில் அனுப்பலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். 1977-ல் சின்னதாக ஆரம்பித்தது, இன்று ஊரே புத்தகம் வெளியிடும் சீசன். அந்தக் கூட்டத்தில் நம் குரல் எடுபடாது. ஆகஸ்ட் 22 சென்னை தினம், அதிலும் போட்டி உண்டு. ஆனால் டிராம் நின்ற ஏப்ரல் 12-க்கு டிராம் சாரை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாளிதழுக்கு இரண்டு வாரம் முன்னால், வாரப் பத்திரிகை என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் 11 ராத்திரி அல்ல!

புதுக் கடிதம் எட்டே வரி. முதல் வரியில் தாத்தா, இரண்டாவது வரியில் பை, மூன்றாவதில் தேதி. புத்தகத்தின் பெயரும் விலையும் ஏழாவது வரியில்தான். எட்டாவது, போன் நம்பர். 'அரிய', 'பெரிய' எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சார் முகத்தில் ஈயாடவில்லை. கூட இரண்டு போட்டோ, ஒன்று பை, இன்னொன்று யூனிஃபாரத்தில் தாத்தா. 38 எம்.பி. பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்பில் தள்ளக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

போன் பண்ணுவதற்கும் நேரம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு நாளிதழ் நிருபரைக் கூப்பிடுவது, மார்ச் 31-ம் தேதி அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் போய் அரட்டைக்கு உட்காருகிற மாதிரி. பகல் பன்னிரண்டு மணி உத்தமம். ஒரு வாரம் கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்தலாம், அதோடு சரி. மூன்று பேரிடமும் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்வதும், 'கவனிச்சுக்கிறேன்' என்று ஸ்வீட் பாக்ஸ் நீட்டுவதும் இருக்கிற வாய்ப்பையும் கெடுக்கும்.

மூன்று பேரில் இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாவது நிருபர் ஒரு சின்னப் பெண். அரை மணி நேரம் என்று சொல்லி வந்தவர், மூன்று மணி நேரம் உட்கார்ந்து இரண்டு காபி குடித்துவிட்டுப் போனார். ஏப்ரல் 12 காலையில் பேப்பரில் மூன்று காலம், தாத்தா படத்தோடு! புத்தகத்தின் பெயர் கடைசிப் பாராவில் ஒரே ஒரு தடவை. "இவ்வளவுதானா?" என்று சாருக்கு வருத்தம். அவ்வளவுதான் சார், அதற்கே கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றேன்.

அந்த மாதம் 61 பிரதிகள் விற்றன. சொசைட்டி லோனில் கால்வாசிகூட அடையவில்லை. வீட்டில் மட்டும் கட்டிலைப் பற்றிய பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறதாம்.

போன வாரம் ராயபுரத்திலிருந்து ஒரு பாட்டி போன் பண்ணினாராம். சின்ன வயசில் டிராம் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் பையை ஒரு தடவை பாக்கணும் தம்பி, எடுத்துட்டு வர முடியுமா?" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சார் பையோடு கிளம்பிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே பத்துப் பிரதிகள்.