நான்கு மணி நேரத்தில் ஒரு டிராகன்

பகடை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சகுனியின் நினைவுதான் வருகிறது. நாட்டையும் உடன்பிறந்தோரையும் பணயம் வைத்து இழந்த தருமபுத்திரரை எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். ஆகவே, பகடையும் பலகையும் சீட்டுமாக விளையாடுவதற்கென்றே 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 70,000 பேருக்கு மேல் கூடினார்கள் என்று சொன்னால், நேயர்களில் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகிறோம். நாம் இங்கே சொல்லப் புகுந்த ஆட்டத்தில் பணயம் இல்லை. ஒருவர் வென்று மற்றவர் தோற்பதும் இல்லை. ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வாய்ச்சொல்லாலேயே ஒரு கதையை நடத்துகிறார்கள். அந்தக் கதையின் எல்லையில் பெரும்பாலும் ஒரு டிராகன் காத்திருக்கிறது.

டிராகன் என்பது சிறகு படைத்த மாபெரும் சர்ப்பம். பொற்குவியலின் மேல் படுத்துறங்குவது. சினம் வந்தால் நெருப்பைக் கக்குவது. மேனாட்டுப் பாட்டிமார் கதைகளில் இதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. அதை மேஜைக்குக் கொண்டுவந்தவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர். இவர்கள் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டி. முதலில் அச்சானவை 1,000 பெட்டிகள்தாம்.

ஆட்டத்தின் இலட்சணம்

ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் வாள் வீரர், ஒருவர் மந்திரவாதி, மற்றொருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல கள்வர். மேஜையின் தலைப்பில் இருப்பவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர். நாம் அவரைச் சூத்திரதாரி என்றே அழைப்போம். "உங்கள் முன்னால் ஓர் இருண்ட குகை. உள்ளிருந்து குளிர்காற்று வீசுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். ஆடுவோர் தத்தம் எண்ணத்தைச் சொல்வார்கள். அந்தக் காரியம் பலிக்குமா பலிக்காதா என்ற ஐயம் எழும்போது, இருபது முகங்கள் கொண்ட பகடை உருளும். வந்த எண் உயர்ந்ததானால் எண்ணியது நடக்கும். தாழ்ந்ததானால் வேறு ஏதேனும் விபரீதம் விளையும். இவ்வளவுதான் ஆட்டத்தின் சாரம்.

நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி இதை ஆடினால், வாரம் ஒரு மாலையாக ஒரே கதை ஆண்டுக் கணக்கில் நீளும். ஆனால் மகாநாட்டுக் கூடத்தில் ஆடுவது வேறு விஷயம். அங்கே ஒரு கதைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்கு மணி நேரம். சில சமயங்களில் இரண்டே மணி நேரம். ஆடுவோர் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள். பக்கத்து மேஜைகளின் ஆரவாரம் காதைத் துளைக்கிறது. நேரம் முடிந்தால் அடுத்த குழு வந்து நிற்கிறது. "மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்ல வழியில்லை; இன்று கலைந்தவர்கள் மறுபடி ஒன்றுகூடப் போவதே இல்லை. டிக்கெட் வாங்கி, ரயிலேறி, ஓட்டலில் தங்கி வந்தவர் டிராகனைக் காணாமல் எழுந்து போனால் அவருடைய ஏமாற்றத்துக்கு யார் பரிகாரம் செய்வது? சூத்திரதாரியின் பொறுப்பு எத்தகையது என்பது இதிலிருந்து விளங்கும்.

நூறு பேரிலிருந்து

இண்டியானாபொலிஸில் கூடும் 'ஜென் கான்' என்ற மகாநாடு 1968-இல் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் தொடங்கியது. தோட்டக்கலைச் சங்கத்தின் மண்டபத்தைக் கைகாக்ஸ் வாடகைக்கு எடுத்தார். வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அப்போது டிராகன் ஆட்டம் பிறக்கவேயில்லை. யுத்த விளையாட்டுக்காரர்களே கூடினார்கள். 2003-ஆம் ஆண்டு முதல் இண்டியானாபொலிஸே இதற்கு இருப்பிடம் ஆயிற்று.

1975-இல் பால்டிமோர் நகரில் 'ஆரிஜின்ஸ்' என்ற மற்றொரு மகாநாடு முதன்முதலாகக் கூடியபோது, கைகாக்ஸ் தாம் புனைந்த ஒரு கல்லறைக் கதையைப் போட்டியாக வைத்தார். 'டூம் ஆப் ஹாரர்ஸ்' என்ற பெயரில் அது 1978-இல் அச்சேறியது. வீராதி வீரர்களையும் விழுங்கிவிடும் பொறிகள் நிறைந்த கல்லறை அது. அக்காலத்துப் போட்டிகளில் எத்தனை தூரம் சென்றோம், எத்தனை பேர் உயிர் தப்பினோம் என்பதே பேச்சு. இக்காலத்தில் அந்த மனப்பான்மை பெரிதும் மாறிவிட்டது. 2014-இல் தொடங்கிய 'அட்வென்சரர்ஸ் லீக்' என்ற ஏற்பாட்டில், இரண்டு அல்லது நான்கு மணி நேரத்தில் முடியும்படியாகவே பல கதைகள் எழுதப்பட்டன. போட்டி போய்விட்டது, கடிகாரம் மட்டும் போகவில்லை.

கடிகாரத்தை வெல்லும் வகை

அனுபவசாலிகள் கையாளும் முறைகள் சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, பாத்திரங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, ஒவ்வொன்றையும் ஒரே தாளில் எழுதி வைப்பது. புதியவர் ஒருவர் தம் பாத்திரத்தைத் தாமே வகுக்கப் புகுந்தால் ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். தாளின் ஓரத்தில், "உன் தமையனை இந்த டிராகன் கொன்றது" என்பது போன்ற ஒரு வரி இருந்தால் இன்னும் விசேஷம். பாத்திரத்துக்கு எண்கள் உடம்பு என்றால், அந்த ஒரு வரிதான் உயிர்.

இரண்டாவது, கதையை நடுவிலேயே தொடங்குவது. சத்திரத்தில் சந்தித்து, கூலி பேசி, மூட்டை கட்டி, வழிநடந்து வருவதெல்லாம் வீட்டு ஆட்டத்துக்கு அழகு. மகாநாட்டில் முதல் வாக்கியத்திலேயே பனிமலை அடிவாரத்துக் கிராமம் பற்றி எரிய வேண்டும். அல்லது கயிற்றுப் பாலம் அறுந்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, நேரத்தைப் பங்கிடுவது. நான்கு மணி என்பது 240 நிமிஷம். அறிமுகத்துக்கும் பாத்திரம் தேர்வதற்கும் 15; முதல் ஆபத்துக்கு 45; துப்பறிதலுக்கும் உரையாடலுக்கும் 60; இளைப்பாற 10; டிராகனுடைய குகைக்கும் போருக்கும் 75; முடிவுரைக்கு 15. மிச்சம் 20 நிமிஷம் எதிர்பாராதவற்றுக்கு. மத்தியில் உள்ள ஒரு காட்சி கழன்றாலும் கதை நிற்கும்படி அமைத்திருந்தால், பிற்பகல் நழுவும்போது அதை ஓசைப்படாமல் விட்டுவிடலாம். இல்லாத காட்சியை யாரும் தேடப் போவதில்லை. இல்லாத முடிவையோ எல்லாரும் தேடுவார்கள்.

எந்த டிராகன்?

டிராகன்களில் சாதிகள் பல. சிவப்பு நெருப்பையும், நீலம் மின்னலையும், வெள்ளை உறைபனியையும், பச்சை நச்சுப் புகையையும், கறுப்பு அமிலத்தையும் கக்கும். வயதுக்கேற்ப வலிமை உயரும். 2014-ஆம் ஆண்டு விதிநூலின்படி, குஞ்சுப் பருவத்து வெள்ளை டிராகனுக்கு உயிர்ப்புள்ளிகள் 32. இளம் பருவத்ததற்கு 133. மிக முதிர்ந்த சிவப்பு டிராகனுக்கோ 546!

ஐந்தாம் படியில் உள்ள ஐந்து வீரர்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு முறை ஆட இரண்டு நிமிஷம், டிராகனுக்கும் இரண்டு நிமிஷம் என்றால், ஒரு சுற்றுக்கு 12 நிமிஷம். தவறிய அடிகளையும் கணக்கில் கொண்டு, ஆளுக்குச் சராசரி பத்துப் புள்ளி குறைப்பார்கள் என்றால், இளம் வெள்ளை டிராகன் மூன்றாம் சுற்றில், அதாவது 36 நிமிஷத்தில் வீழும். முதிர்ந்த சிவப்பு டிராகனைக் கொண்டுவந்து நிறுத்தினால் 546 புள்ளிகளைக் குறைக்கப் பதினோரு சுற்று வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வீரர்கள் சாம்பலாகிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

இளம் டிராகனும் இலேசானதல்ல. அதன் பனி மூச்சு சராசரி 45 புள்ளிகளைப் பறிக்கும். ஐந்தாம் படி மந்திரவாதி ஒரே மூச்சில் தரையில் சாய்வார். ஆகவே, விவேகமுள்ள சூத்திரதாரி முதல் மூச்சை ஒரு மரத்தின் மேலோ பாறையின் மேலோ விட்டுக் காட்டுவார். அபாயம் இன்னது என்று ஆடுவோர் கண்ணாரக் கண்டபின், துணிவதும் ஒதுங்குவதும் அவர்கள் பாடு. போரிட விரும்பாமல் டிராகனோடு பேரம் பேச முற்பட்டால், அதற்கும் வழிவிட வேண்டும். தாம் எழுதிவந்த முடிவுக்கே எல்லாரையும் கயிறு கட்டி இழுப்பவர் கதாகாலட்சேபம் செய்யலாம். சூத்திரதாரியாக இருக்க முடியாது.

மௌனமாக இருப்பவர்

இவை எல்லாவற்றினும் கடினமான காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மேஜையிலும் ஓயாமல் பேசுகிறவர் ஒருவர் இருப்பார்; வாய் திறக்கவே கூசுகிறவரும் ஒருவர் இருப்பார். பின்னவர் பல நாள் தயங்கி, தனியாக வந்தவராக இருக்கலாம். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அவருடைய பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு, பதில் வரும் வரையில் காத்திருப்பதே சூத்திரதாரியின் தலையாய தொழில். மேஜையில் ஓர் அட்டையை வைத்து, மனத்தைப் புண்படுத்தும் காட்சி வந்தால் யாரும் காரணம் கூறாமலே அதைத் தொட்டு நிறுத்தலாம் என்ற ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. அந்நியர்கள் கூடும் இடத்தில் இது வேண்டிய மரியாதைதான்.

கடைசிப் பதினைந்து நிமிஷத்தில், ஒவ்வொருவரையும் பார்த்து, "இந்த வெற்றிக்குப் பின் உங்கள் வீரர் எங்கே போகிறார்?" என்று கேட்பது நல்ல வழக்கம். அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவரும் அப்போது பேசிவிடுவதுண்டு. பிறகு பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். பணயம் வைத்து ஆடியவர்கள் பகையை வீட்டுக்குக் கொண்டுபோனதைப் பாரதத்தில் படிக்கிறோம். பணயமில்லாத இந்தப் பகடையில் ஒருவர் கொண்டுபோவது ஒரு கதையையும், அதை உடனிருந்து உண்டாக்கிய நாலு பேருடைய முகங்களையுந்தான். நான்கு மணி நேரத்துக்கு அது குறைந்த வரும்படியல்ல என்பதே நமது அபிப்பிராயம்.