வேலையோடு படிப்பு – 9: காய் எடுக்கும் கைகளுக்கு வகுப்பு எப்போது?

போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியின் பெயரே ஊரின் பிழைப்பைச் சொல்லிவிடும்: ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி. ஆட்டோவில் ஏறி சி.பி.ஏ. கல்லூரி என்றால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மலையில் ஏலக்காய் பயிரிட்டவர்கள் சங்கமாகக் கூடி ஊருக்குத் தந்த கல்லூரி அது. பிறகு 2012-இல் பக்கத்திலேயே மேலச்சொக்கநாதபுரத்தில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தது. ஏலக்காயை நம்பி வாழும் ஊரில் பிள்ளைகள் பட்டம் வாங்க இப்போது வழி இருக்கிறது.

பிள்ளைகளின் அம்மாவுக்கு? எட்டாவதோடு நின்றுபோன அண்ணனுக்கு? இருபது வருடமாக மருந்தடிக்கும் சித்தப்பாவுக்கு? அவர்கள் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு தொழிலைப் பற்றி யாராவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

விடிவதற்கு முன்பே போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வாசல்கள் வழியாக மலையேறி, கேரளத்து இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகின்றன. அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிறவர்களில் பெண்கள் அதிகம். அரசுக் கணக்கில் இவர்கள் பயிற்சி பெறாத தொழிலாளர்கள். அவர்கள் செய்யும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு தப்பு என்று தெரியும்.

ஏலச்செடியின் அடியில், மண்ணை ஒட்டி, சரம் ஓடும். ஒரே சரத்தில் ஒரு பக்கம் பூ இருக்கும், ஒரு பக்கம் பிஞ்சு, அடிப்பக்கம் முற்றிய காய். எல்லாம் பச்சை நிறம்தான். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கிப்போய் எடை நிற்காது. பழுக்கவிட்டால் வெடித்து, நிறம் மங்கிவிடும். தோல் பச்சையாகவே இருந்து உள்ளே விதை கறுத்த பதத்தில், கரிங்காய் என்று மலையில் சொல்லும் அந்தப் பதத்தில், எடுக்க வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல், அட்டை கடிப்பதையும் பொருட்படுத்தாமல், விரல் நுனியால் தொட்டுப் பார்த்தே இது ஆகும், இது ஆகாது என்று பிரிக்கிற அந்த வித்தையை யாரும் கரும்பலகையில் எழுதிப்போடவில்லை. பக்கத்துச் செடியில் காய் எடுத்த அக்காவைப் பார்த்துக் கற்றதுதான்.

பறித்த காய் போகும் இடம் ஸ்டோர், அதாவது உலர்த்துகிற கட்டடம். பச்சைக்காயில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஈரம். அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காய் ஆகும். 45 முதல் 50 டிகிரி சூட்டில், கிட்டத்தட்ட ஒரு பகலும் இரவும் பிடிக்கும். விறகை அவசரமாகத் தள்ளிச் சூட்டை ஏற்றிவிட்டால் பச்சை போய் மஞ்சள் தட்டும், வாசனை எண்ணெயும் பறக்கும். பறித்த கையோடு இரண்டு சதவீத சலவை சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்தால் பச்சை நிற்கும் என்பது ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லும் வழி. இரவு முழுக்க ஸ்டோரில் விழித்திருப்பவருடைய கவனத்தில்தான் தோட்டக்காரரின் ஒரு வார வருமானம் நிற்கிறது.

இந்தத் தொழிலுக்குச் சொல்லித்தர ஆட்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேரளப் பக்கம் பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1956-லேயே வந்தது. மத்திய அரசின் ஏலக்காய் வாரியம் 1966-இல் அமைந்தது. 1987-இல் அது ஸ்பைசஸ் போர்டு ஆனது. 1978 முதல் மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், கீழே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. பயிற்சி முகாம், வயல்நாள், செயல்விளக்கம் என்று பல பெயர்களில் வகுப்புகள் நடக்கின்றன.

அவற்றில் நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்குப் போர்டோ கலவை ஒரு உதாரணம். மழைக்காலத்தில் ஏலத்தைத் தாக்கும் அழுகல் நோய்க்கு முன்கூட்டியே அடிக்க வேண்டியது இது. ஒரு சதவீதக் கலவை என்றால் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். எழுதிக் கொடுத்தால் ஒரு வரி. செய்யும்போதுதான் சந்தேகங்கள் கிளம்பும். துத்தத்தை ஐம்பது லிட்டரிலும் சுண்ணாம்பை ஐம்பது லிட்டரிலும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். இரும்பு டிரம் கூடாது, பிளாஸ்டிக் ஆகும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துவிடும். முடிந்ததும் தீட்டிய அரிவாளையோ கத்தியையோ முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பின் மேல் செம்பு நிறத்தில் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தி பளபளவென்று வந்தால் அடிக்கலாம், அதுவும் அன்றைக்கே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டால் மறக்கமாட்டார்.

வேர்ப்புழுவுக்கு மைலாடும்பாறை நிலையம் சொல்லிக்கொடுத்த வழியும் இதே ரகம். மண்ணுக்குள் ஏலத்தின் வேரைத் தின்கிற புழுவைக் கொல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நூற்புழுவை மெழுகுப்பூச்சியின் புழுக்களில் வளர்த்து, செத்த அந்தப் புழுக்களைச் செடியின் தூரடியில் வைப்பது. நஞ்சைக் குறைக்கும் வழி. கேட்டால் நம்பமாட்டார்கள், செய்து காட்டினால் நம்புவார்கள்.

குறை பாடத்தில் இல்லை. வகுப்பு யாரைத் தேடிப்போகிறது என்பதில் இருக்கிறது. பயிற்சிகள் பெரும்பாலும் ஏலத்தோட்டப் பதிவு உள்ள விவசாயியை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. தோட்டக்காரர் வருவார், சில சமயம் சூப்பர்வைசரை அனுப்புவார். காய் எடுக்கும் பெண் வரமுடியாது. வகுப்பு நடக்கிற பகல் அவளுக்கு வேலை நேரம். ஒருநாள் பயிற்சி என்றால் ஒருநாள் கூலி போயிற்று. தமிழ்நாட்டில் குடியிருந்து கேரளத்தில் வேலை செய்கிறவர் என்பதால், எந்த மாநிலத்துத் திட்டமும் அவளைத் தன் ஆளாகப் பார்ப்பதில்லை என்ற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தோட்டக்காரர் கேட்டுவந்து சொல்லும் இரண்டாம்கை விவரம்தான் அவளுக்கு வந்துசேர்கிறது, அதுவும் வந்தால்.

இதன் விலை என்ன என்று மருந்தடிப்பில் பார்க்கலாம். இந்தியாவில் அதிகமாகப் பூச்சிமருந்து அடிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறங்களில் ஒன்று முக்கோணமாக அச்சிட்டிருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பச்சை ஓரளவு லேசானது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றே வைத்த அடையாளம் அது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரோ ஒருவர் ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? மருந்து அடித்த எத்தனையாவது நாள் காய் எடுக்க இறங்கலாம், அடித்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா, காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கலாமா என்பவையும் அரை மணி நேர வகுப்பில் முடிகிற விஷயங்கள். சவூதி அரேபியா போன்ற பெரிய சந்தைகள் மருந்து எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காயைத் தடுத்தபோது வியாபாரம் விழித்துக்கொண்டது. வாங்குபவரின் உடம்புக்குக் காட்டிய அக்கறையில் பாதியாவது அடிப்பவரின் உடம்புக்கும் கிடைக்க வேண்டும்.

வேலை செய்கிறவரைத் தேடிப்போய்க் கற்றுத்தருவது நாட்டுக்குப் புதிய யோசனையும் அல்ல. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில்தான் தொடங்கியது; செய்து கற்பதே அதன் முறை. 1978-79-இல் மத்திய அரசு சமுதாயப் பாலிடெக்னிக் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதலில் 36 பாலிடெக்னிக்குகள். கல்லூரியின் பட்டறையும் ஆசிரியரும் சுற்றுவட்டாரக் கிராமத்துக்கும் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். வயது வரம்பு கிடையாது, என்ன படித்திருக்கிறாய் என்ற கேள்வி கிடையாது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று பயிற்சி, கிராமங்களிலேயே விரிவாக்க மையம். 2009-இல் அதைப் புதுப்பித்து, பாலிடெக்னிக்குகள் வழியாகச் சமுதாய மேம்பாடு என்று பெயர் மாற்றினார்கள். தையல், மின்சார வேலை, இருசக்கர வாகன ரிப்பேர் என்று ஊருக்கேற்ற பாடம் வைத்துக்கொள்ள அதில் இடமிருந்தது.

ஏலமலைக்கு ஏற்ற பாடம் என்று வைத்துப் பார்த்தால் பட்டியல் நீளும். உலர்த்தும் அடுப்பில் விறகு மிச்சம் பிடிப்பது முழுக்கப் பொறியியல் வேலை. சூட்டுக்காற்று எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி போகாததால் ஒரு தட்டு காய்ந்து இன்னொரு தட்டு ஈரமாகவே நிற்கும் பிரச்சினையை, மெக்கானிக்கல் படிக்கும் மாணவரும் இருபது வருடமாக ஸ்டோர் பார்க்கிற ஒருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் பேசித் தீர்க்க முடியும். ஸ்பிரேயர், மோட்டார், காய் சலிக்கும் இயந்திரம் ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவருக்கு மலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரத்திலேயே ஒரு அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் பட்டறை, மாணவர் வீடு திரும்பிய பிறகு, இந்த ஆட்களுக்காக இரண்டு மணி நேரம் திறந்திருக்கக் கூடாதா?

அப்படி உட்கார்ந்தால் கற்றுக்கொள்கிறவர் யார், கற்றுக்கொடுக்கிறவர் யார் என்பதும் மாறலாம். இன்று ஏலமலையில் எங்கும் பரவியிருக்கும் ஞள்ளானி ரகத்தைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல. கட்டப்பனை பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்துச் செடிகளில் நல்லதைக் கவனித்துப் பிரித்தெடுத்தார். தட்டையை, அதாவது தூரில் கிளைக்கும் தண்டை, பிரித்து நட்டு நட்டே ரகம் மலை முழுக்கப் போய்ச் சேர்ந்தது, விளைச்சலும் பல மடங்கு கூடியது. விஞ்ஞானிகள் அவரிடம் பிறகு வந்தார்கள்.

போடி ஊருக்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறது: கிடங்குகளில் காய் பொறுக்கும் பெண்கள். சொளகில் பரப்பி, காம்பும் தோலும் நீக்கி, வெடித்ததைத் தனியாக, நிறம் போனதைத் தனியாக ஒதுக்குகிறார்கள். பருமனை மில்லிமீட்டர் கணக்கில் பிரிப்பது சல்லடை. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் போகும் பச்சை நிறக் காய்க்குத்தான் மதிப்பு. போடியின் மின்னணு ஏலக்கூடத்தில் வியாபாரி கையில் மாதிரியை உருட்டிப் பார்த்துவிட்டு விசையை அழுத்தும்போது, இந்தப் பெண்களின் கண்ணுக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில், 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. தரம் பார்க்கத் தெரிந்தவர் என்று எழுதிய ஒரு சான்றிதழ் இந்தப் பெண்களில் எத்தனை பேர் கையில் இருக்கும்? பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்து அதை அங்கீகரிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை, தெரிந்ததைத் தெரியும் என்று எழுதிக்கொடுத்தால் போதும். கிடங்கு மாறும்போது கூலி பேச அது ஒரு பிடிமானம்.

நேரத்தை ஒழுங்கு செய்வதுதான் மிச்சம். அதற்கு டென்மார்க்கில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1844-இல் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. பரீட்சை கிடையாது. பின்னால் அந்த வகைப் பள்ளிகள் நாடெங்கும் பரவியபோது, வயலில் வேலை குறைந்த பனிக்காலத்தில் வாலிபர்களுக்கும், கோடையில் இளம்பெண்களுக்கும் வகுப்பு வைத்தார்கள். பள்ளிக்கூடம் தன் நாட்காட்டியை விவசாயத்துக்குப் பணியவைத்தது.

ஏலமலைக்கும் அப்படியொரு நாட்காட்டி இருக்கிறது. ஆகஸ்டில் காய் எடுப்பு தொடங்கி, பிப்ரவரி வரை சுற்றுச்சுற்றாக ஓடும். அந்த மாதங்களில் யாரையும் வகுப்புக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. மார்ச்சில் வேலை தணிகிறது. நிழல் மரம் கவாத்து, தூர் சுத்தம், தண்ணீர் பாய்ச்சல் என்று ஆள் தேவை குறையும் அந்தக் கோடைதான் ஏற்ற காலம். ஞாயிறு காலையில், போடியிலோ தேவாரத்திலோ, ஜீப் நிற்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே, தமிழில். தோட்டங்களில் இப்போது வட மாநிலத்தவரும் வேலை செய்வதால் சில இடங்களில் இந்தியிலும் சொல்ல வேண்டியிருக்கும். வேலைநாளில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அன்றைய கூலியைப் பயிற்சிச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கும் பேனருக்கும் ஒதுக்குகிற இடத்தில் கூலிக்கு ஒதுக்க முடியாது என்று சொல்ல நியாயம் இல்லை. முதல் போர்டோ தெளிப்பு மழைக்கு முன், மே மாதத்தில். ஆகவே கத்தியை முக்கிப் பார்க்கும் அந்த வகுப்பு ஏப்ரலுக்குள் முடிந்திருக்க வேண்டும். மருந்து டப்பா நிறங்களின் பாடம் அதற்கும் முன்னால், மார்ச் முதல் வாரத்திலேயே.

(தொடரும்)