உங்க தெருத் தண்ணீர் பற்றி பகுதி சபையில் பேசுங்க

மழை நின்று ரெண்டு மணி நேரம் ஆன பிறகும் உங்க தெருவில் எந்த வீட்டு வாசல் வரை தண்ணீர் நிற்கும்? ரிப்பன் மாளிகையில் இருக்கிற வரைபடத்தைவிட உங்களுக்குத்தான் இது நல்லா தெரியும். அதைச் சொல்ல ஓர் இடம் இருக்கு. அதுதான் பகுதி சபை. 'ஏரியா சபை'ன்னு சொல்றாங்களே, அதேதான்.

நம்ம மாநில நகரங்களில் இந்தக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கின. ஊருக்குக் கிராம சபை மாதிரி, நகரத்துக்கு இது. சென்னையில் ஒவ்வொரு வார்டும் 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கு. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே நீங்க உறுப்பினர். தனியாக மனு போட வேண்டாம். ஆனா, அடையாறுக்குக் குடிவந்து பல வருஷம் ஆகியும் ஓட்டு பழைய முகவரியிலேயே இருந்தால், இங்கே நீங்க உறுப்பினர் இல்லை. முதலில் அதை மாத்துங்க.

பருவநிலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 2050-க்குள் கார்பன் சமநிலை என்பது 2023-ல் வெளியான சென்னை பருவநிலை செயல் திட்டத்தின் இலக்கு. வெள்ளம், தண்ணீர்த் தட்டுப்பாடு, குப்பை, போக்குவரத்து எல்லாம் அதில் வருது. 2022-ல் அதன் வரைவு முதலில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வேணும்னு மக்கள் கேட்டாங்க, தமிழிலும் வந்தது.

பிரான்சில் 2019-ல் இதற்கென்றே 150 பொதுமக்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, நிபுணர்களோடு மாதக்கணக்கில் விவாதிக்க வைத்தார்கள். (குலுக்கல் நமக்குப் புதுசில்லை, உத்திரமேரூரின் குடவோலை முறை கல்வெட்டிலேயே இருக்கு.) நம்ம பகுதி சபையில் குலுக்கல் கிடையாது. வர்றவங்கதான் சபை. யாருமே வராத தெருவின் பிரச்சினை அங்கே பேச்சிலேயே வராது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீங்க. தி.நகரில் மாம்பலம் கால்வாய் ஓரமோ, மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமோ இருக்கீங்களா? போன மழையில் செல்போனில் எடுத்த படங்களை அழிச்சிடாதீங்க. தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். "எங்க ஏரியாவில் வெள்ளம்"னு சொன்னா அது புலம்பலாகத்தான் போகும். எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றதுன்னு சொன்னா, பொறியாளர் குறிச்சுக்குவார்.

எரியாத தெருவிளக்குக்கு 1913 போதும். எங்கே மரம் நடணும், எந்த வடிகாலை முதலில் எடுத்துக் கட்டணும் என்பதைச் சபையில் பேசுங்க. சபை சொல்வது பரிந்துரைதான், முடிவெடுப்பது மாமன்றம். அதனால கூட்டம் முடிஞ்சதும் எழுந்து வந்துடாம, நீங்க சொன்னது பதிவேட்டில் ஏறிச்சான்னு கேட்டுப் பார்த்துட்டு வாங்க.