கடைக் கணக்கும் குடும்பப் படங்களும்: வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டி

கடையில் உள்ள சரக்கு வெள்ளத்தில் நனைந்தால் நட்டம் எவ்வளவு என்று மறுநாளே கணக்கிட்டுவிடலாம். காப்புறுதி இருந்தால் ஓரளவு திரும்பியும் வரும். ஆனால் யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு அழிந்துபோனால் அந்த நட்டத்தை யாராலும் மதிப்பிட முடியாது. எமது பகுதியில் மொத்த வியாபாரம் பெரும்பாலும் கடனில்தான் ஓடுகிறது. அறுவடை முடிந்ததும் தருகிறேன், பெருநாள் கழிந்ததும் தருகிறேன் என்று சரக்கு எடுத்துச் செல்பவரின் பெயரும் தொகையும் முன்பு கொப்பியில் இருந்தன. இன்று அநேகமான கடைகளில் அவை கணனியில் இருக்கின்றன.

கடனை எழுதி வைக்க வேண்டும் என்று எம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். எழுத்தோடு நின்றுவிடாமல் சாட்சிகளையும் அது கேட்கிறது. அப்படியிருக்க, பல இலட்சம் ரூபா நிலுவைக் கணக்கை ஒரேயொரு கணனியில் மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குவது எப்படி? இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு ஏற்பாட்டை இவ்வாரம் பார்ப்போம்.

நாஸ் என்றால் என்ன?

கணனி விற்பவர்கள் இதனை ‘நாஸ்’ என்பார்கள். வலையமைப்பில் இணைந்த சேமிப்பகம் என்பது அதன் பொருள். பார்வைக்கு ஒரு சிறிய பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் பூட்டலாம். திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. வீட்டு ரவுட்டரில் ஒரு வயர் மூலம் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கணனிகளும் கையடக்கத் தொலைபேசிகளும் தொலைக்காட்சியும் அதிலிருந்து எடுக்கலாம், அதில் வைக்கலாம். பென் டிரைவை அறை அறையாகக் கொண்டு திரிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இராக்கைக்கும் தனித்தனிச் சாவி உண்டு.

தாய்வானின் சினாலஜி, கியூநாப் ஆகிய நிறுவனங்களின் பெட்டிகள் பரவலாகக் கிடைக்கின்றன. பெட்டியின் விலை வேறு, ஹார்ட் டிஸ்க்கின் விலை வேறு என்பதை வாங்கும் முன்னரே விளங்கிக்கொள்ளுங்கள். இரவு பகலாக ஓடக்கூடிய டிஸ்க்குகள் தனியாக இருக்கின்றன. சீகேட் நிறுவனத்தின் அயன்வூல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ் என்பன அவ்வகையானவை. சாதாரண டிஸ்க்கை மலிவுக்காகப் பூட்டுவது நல்லதல்ல. உத்தரவாதப் பத்திரம் தரும் கடையிலேயே வாங்குங்கள். கைச்செலவைக் குறைக்க விரும்புபவர்கள் பழைய கணனி ஒன்றில் ‘ஓபன் மீடியா வோல்ட்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் அதற்கு வீட்டில் விடயம் தெரிந்த ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? கடைக் கணக்குகள் முழுவதும் சில ஜீபிக்குள் அடங்கிவிடும். இடத்தைப் பிடிப்பது வீடியோதான். தொலைபேசியில் எடுக்கும் சாதாரண வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 100 எம்பி என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 6 ஜீபி. அப்படிப் பார்த்தால் 2 டீபியில் 300 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கலாம். கடையின் சிசிடிவி பதிவுகளை இதற்குள் போடாதீர்கள். அது சில வாரங்களிலேயே பெட்டியை நிரப்பிவிடும்.

எங்கே வைப்பது?

காத்தான்குடி போன்ற எமது ஊர்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று இலத்திரனியல் பொருட்களுக்கு எதிரி. எனவே சன்னலோரமும் சமையலறைப் பக்கமும் வேண்டாம். காற்றோட்டமுள்ள உள்ளறை, அதுவும் மாடி இருந்தால் மாடி, இல்லாவிட்டால் ஆள் உயரத் தட்டு நல்லது. தரையில் வைக்கவே கூடாது.

அடுத்தது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் இருளில் மூழ்கியது. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென மின்சாரம் போனால் பைல்கள் பழுதாகலாம். ஆகவே ஒரு யூ.பீ.எஸ். கட்டாயம். அதனை யூஎஸ்பி வயர் மூலம் பெட்டியுடன் இணைத்துவிட்டால், மின்சாரம் நின்று சில நிமிடங்களில் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மின்கட்டணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பெட்டி 20 வாட்ஸ் எடுத்தாலும் மாதம் முழுவதும் ஓட 15 அலகுக்குள்தான் வரும்.

அமைக்கும் முறை

1. டிஸ்க்குகளைப் பூட்டி, பெட்டியை வயர் மூலம் ரவுட்டரில் இணையுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம். பழைய ரவுட்டர்களில் வேகம் 100 மெகாபிட்தான். அதில் 500 ஜீபியை முதன்முறை பிரதி செய்ய 12 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கிகாபிட் ரவுட்டராயின் ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடியலாம்.

2. கணனியில் உள்ள பிரவுசர் மூலம் பெட்டிக்குள் நுழைந்து, டிஸ்க் இரண்டையும் ‘ரெயிட் 1’ என்ற முறையில் அமைக்கக் கூறுங்கள். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். 4 டீபி டிஸ்க் இரண்டு பூட்டினாலும் பாவிக்கக் கிடைப்பது 4 டீபிதான்.

3. நிர்வாகிக்கான கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள். கணக்கு, குடும்பம், பொது என்று மூன்று பகுதிகள் திறவுங்கள். கணக்குப் பகுதிக்கு முதலாளிக்கும் கணக்கு எழுதுபவருக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். பிள்ளைகள் விளையாட்டு இறக்கும் கணனிக்கு அந்தப் பகுதி கண்ணிலும் படக்கூடாது.

4. கடைக் கணனியின் கணக்குகள் ஒவ்வொரு இரவும் தானாகப் பிரதியாகும்படி நேரம் குறியுங்கள். கடை வேறு இடத்தில் இருந்தால் மடிக்கணனியிலோ பென் டிரைவிலோ அன்றாடம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு எச்சரிக்கை: குவிக்புக்ஸ், டேலி போன்ற மென்பொருள்கள் திறந்திருக்கும்போது அவற்றின் பைல்களை நேரடியாகப் பிரதி செய்தால் பிரதி அரைகுறையாகலாம். அந்த மென்பொருளிலேயே உள்ள பெக்கப் கட்டளையைக் கொடுத்து, வரும் பைலைப் பெட்டியில் வையுங்கள்.

5. நேற்றைய பிரதியின் மேல் இன்றையதை எழுதாமல், குறைந்தது 30 நாட்களின் பிரதிகளைத் தனித்தனியே வைக்கும்படி கூறுங்கள். கணக்கில் ஒரு பிழை நுழைந்திருப்பது சில வேளை இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

குடும்பப் படங்கள்

பெட்டி வாங்கச் செலவு ஏன் என்று வீட்டில் கேட்டால் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். நிறுவனம் தரும் செயலியைத் தொலைபேசியில் போட்டுவிட்டால், வீட்டுக்கு வந்து வைஃபையில் சேர்ந்ததும் அன்று எடுத்த படங்கள் தாமாகவே பெட்டிக்குள் போய்விடும். தொலைபேசி வாவியில் விழுந்தாலும் படங்கள் இருக்கும். தொலைக்காட்சியில் அவற்றை எல்லோரும் சேர்ந்து பார்க்கவும் முடியும்.

பழைய கலியாண வீடியோக்களைத் தாமதிக்காமல் மாற்றுங்கள். வீஎச்எஸ் கெசட் ஓட்டும் இயந்திரத்தைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதனை நிறுத்திவிட்டது. கெசட் நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் கிடைக்காத காலம் வந்துகொண்டிருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன் எழுதிய சீடிகளும் எமது வெக்கையிலும் ஈரக் காற்றிலும் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன.

இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நிழல் மற்றது. ஒரு டிஸ்க் பழுதானால் வியாபாரம் நிற்காது என்பதே அதன் பயன். கடைப் பொடியன் தவறுதலாக ஒரு பைலை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். திருடன் எடுத்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

இதற்கு எமது நாட்டு அரசாங்கத்திலேயே உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் மாதம், அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களை வைத்திருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற முறைமை ரென்சம்வெயார் எனப்படும் கப்பம் கேட்கும் வைரஸின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். காப்புப் பிரதி இருந்தது. ஆனால் அதுவும் தாக்குதலில் அகப்பட்டுக்கொண்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி எதுவும் அண்மைக் காலத்துக்கு இருக்கவில்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தகவல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு கடைக்கு மூன்று மாதக் கணக்கு இல்லாமற் போனால் நிலைமை என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்டியையே குறிவைத்த தாக்குதல்களும் உண்டு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய வகைப் பெட்டிகளில் பல, இணையம் வழியாக வந்தவர்களால் முற்றாக அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ் கியூநாப் பெட்டிகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்கொயின் கேட்டது. இரண்டிலும் அகப்பட்டவை இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த பெட்டிகள். ஆகவே ரவுட்டரில் ‘போர்ட்’ எதையும் திறக்காதீர்கள். கட்டாரிலும் சவூதியிலும் உள்ள பிள்ளைகள் படங்களைப் பார்க்க வேண்டுமானால் டெயில்ஸ்கேல் போன்ற வீபீஎன் முறையை அமைத்துக் கொடுங்கள். பெட்டியின் மென்பொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்து வாருங்கள்.

இன்னொரு ஊரில் ஒரு பிரதி

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய ஒரு விதி இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கடைக் கணனியில் ஒன்று, வீட்டுப் பெட்டியில் ஒன்று. மூன்றாவது எங்கே?

அடுத்த தெருவில் உள்ள மச்சான் வீடு வேறு இடம் ஆகாது. 1978 நவம்பர் சூறாவளி எமது கூரைகளைப் பார்த்து எடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில் கடைக்கு வருவது வீட்டுக்கும் வரும், மச்சான் வீட்டுக்கும் வரும். மூன்றாவது பிரதி இந்த நிலத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கு இது பெரிய வேலையல்ல. யூஎஸ்பி மூலம் பூட்டும் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள பெக்கப் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிரதியை ஒன்றில் எடுத்து, புறக்கோட்டைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது கொண்டுபோய் கொழும்பிலோ கண்டியிலோ உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். அடுத்த பயணத்தில் புதியதைக் கொடுத்துப் பழையதைக் கொண்டு வாருங்கள். எந்த வயரிலும் இணையாமல் இருக்கும் அந்த டிஸ்க்கை வைரஸால் தொட முடியாது. இரண்டு பயணங்களுக்கு இடைப்பட்ட நாட்களுக்காக, கணக்குப் பைலை மட்டும் பூட்டி இணையத்திலும் வைக்கலாம். கூகுள் டிரைவ் 15 ஜீபி இலவசமாகத் தருகிறது. கணக்குக்கு அது தாராளம்.

மீட்டுப் பாருங்கள்

பிரதி எடுத்ததோடு வேலை முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கடந்த வருடத்துப் பற்றுச்சீட்டு ஒன்றைத் தெரிவுசெய்து, வேறொரு கணனியில் பிரதியிலிருந்து மீட்டெடுத்து, கணக்கு மென்பொருளில் திறந்து பாருங்கள். நிலுவைத் தொகை கடைக் கணனியோடு ஒத்துப்போக வேண்டும். நோன்பு காலத்து வியாபாரம் தொடங்கும் முன் இதை ஒரு முறை கட்டாயம் செய்யுங்கள். திறக்கவில்லை என்றால் அதைத் தெரிந்துகொள்ள அதுதான் நல்ல நேரம்.

இன்னொரு விடயம். கடவுச்சொற்கள் முதலாளியின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் திடீரென மௌத்தானால் பெட்டியைத் திறக்க ஆளில்லை. வாரிசுகளுக்குச் சேர வேண்டிய நிலுவையும், மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனும் உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, காணி உறுதிகளோடு வையுங்கள். அது அங்கே இருப்பதை மனைவியோ மூத்த பிள்ளையோ அறிந்திருக்க வேண்டும்.

பெட்டி வாங்க இப்போது வசதியில்லாதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, இவ்வாரமே கணக்கைப் பிரதி எடுத்து, அடுத்த கொழும்புப் பயணத்தில் அனுப்பி வையுங்கள். பெட்டியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.