சைக்ளோன் என்ற சொல்லைத் தந்த மாலுமி

“சேர், மொன்சூன் அறபுச் சொல்லில இருந்து வந்ததெண்டு சொன்னீங்க. அப்ப சைக்ளோன் ஆருட சொல்லு?” வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்.

நல்ல கேள்வி. ‘மவ்ஸிம்’ என்றால் பருவம். காற்றின் பருவமறிந்து பாய் விரித்த அறபு மாலுமிகளின் அந்தச் சொல்தான் மொன்சூன் ஆயிற்று. சைக்ளோன் என்ற சொல்லைத் தந்தவரும் கடலோடிதான். அவர் பெயர் ஹென்றி பிடிங்டன்.

1797இல் இங்கிலாந்தில் பிறந்த பிடிங்டன், வணிகக் கப்பல் கப்டனாக இருந்து, பின்னர் கல்கத்தாவில் குடியேறினார். அக்காலத்தில் செய்மதியும் இல்லை, ராடரும் இல்லை. ஒரே புயலில் அகப்பட்ட பல கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடி வாங்கினார். எத்தனை மணிக்கு எந்தத் திசைக் காற்று, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் புயல் ஆய்வுகளை வரிசையாக எழுதினார்.

1845இல் மொரிசியஸ் பக்கம் புயலில் சிக்கிய ‘சார்ள்ஸ் ஹெடில்’ என்ற கப்பல் காற்று போன போக்கில் ஓடியது. நாட்கணக்காக ஓடியும் வட்டம் வட்டமாகச் சுற்றியதே தவிர, அதிக தூரம் போகவில்லை. புயற்காற்று சுழல்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1848இல் மாலுமிகளுக்கென எழுதிய நூலில், பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்தார்.

அந்த நூலின் பயன் இதுதான்: நமது கடலில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். ஆகவே காற்றுக்கு முகங்கொடுத்து நின்றால், புயலின் மையம் ஏறக்குறைய வலக்கைப் பக்கம் இருக்கும். மையம் எங்கே என்று தெரிந்தால் கப்பலை விலக்கிக்கொண்டு போகலாம்.

ஆனால் அவருடைய சொல்லை எல்லாரும் கேட்கவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்ட அரசு முனைந்தது. சூறாவளி கடலைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த இடத்தை மூழ்கடிக்கும் என்று 1853இல் ஆளுநர் நாயகம் டல்ஹௌசிக்கு எழுதினார். அது எடுபடவில்லை, கனிங் துறைமுகம் எழுந்தது. 1858இல் பிடிங்டன் காலமானார். 1867இல் வந்த சூறாவளியில் துறைமுகம் சிதைந்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. வாடைக் காலத்தில் ஒதுங்க ஓர் இடமில்லாத சோழமண்டலக் கரைக் கப்பல்களுக்குத் திருகோணமலைத் துறைமுகம் அடைக்கலமாக இருந்தது. ஆனால் துறைமுகம் கப்பலைக் காக்கும். கரையோரத்து ஓலை வீட்டைக் காக்காது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ச் சூறாவளி நமது வடகிழக்கைக் கடந்தே அங்கு போனது. 2000 டிசம்பரிலும் ஒன்று நமது கரையில் ஏறியது. 2020 டிசம்பர் 2இல் புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது.

இன்று எச்சரிக்கை கைத்தொலைபேசிக்கே வருகிறது. அதைக் கேட்டு நடப்பதுதான் நமது வேலை. இன்னொரு வேலையும் உண்டு. 1964ஐக் கண்ட மூத்தவர்களிடம் பிள்ளைகள் போய்க் கேட்கட்டும்: காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தது? கடல் எதுவரை ஏறியது? இடையில் காற்று ஓய்ந்து, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்ததா? அடித்திருந்தால் புயலின் கண் அந்த ஊருக்கு மேலாகவே போயிருக்கிறது. கேட்டதை அன்றைக்கே எழுதி வைக்கட்டும். பிடிங்டன் திரட்டியதும் இத்தகைய குறிப்புகளைத்தான்.