கோபுரத்துக்குப் பொறுப்பாளர் யார்?

ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டில் எழுப்பிய ராஜகோபுரம், 2010 மே 26 இரவு சரிந்து வீழ்ந்தது. விரிசல் முன்னரே கண்ணில் பட்டதால், அருகிலிருந்தோர் அப்புறப்படுத்தப்பட்டனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஸ்தபதியிடம் எவரும் விளக்கம் கேட்க இயலாது. இன்று கட்டப்படுபவற்றின் நிலை வேறு.

ஊர்க் கோயில்களில் திருப்பணி தொடங்கும் அன்பர்கள் ஸ்தபதியாரிடம் சிற்ப அளவுகளைக் கேட்பர். மண்ணின் தாங்குதிறனைப் பொறியாளரிடம் கேட்பது அரிது. பழைய கல்மண்டபத்தின் மீது கான்கிரீட் தளம் அமைக்க உபயதாரர் விரும்பினால், அந்தப் பாரத்தைக் கணக்கிட்டுக் கையொப்பமிடுபவர் யார்? பெரும்பாலும் ஒருவருமில்லை. “சுவாமி காரியத்துக்கு எழுத்து எதற்கு?” என்பார்கள். பின்னர் தளம் ஒழுகும்போது ஸ்தபதி ஒப்பந்ததாரரைக் காட்டுவார். ஒப்பந்ததாரர் பொறியாளரைக் காட்டுவார்.

வரைபடம் யாருடையது, மேற்பார்வை யாருடையது, குறை தோன்றினால் எத்தனை காலம் வரை செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும். அக்காலம் முடியும்வரை தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது கட்டுமானத் துறையில் நெடுநாள் வழக்கமே. இதில் அவமரியாதை ஏதுமில்லை. குடமுழுக்கு நாளன்றே மாலை மரியாதையுடன் முழுத் தொகையையும் வழங்கிவிடும் குழுக்கள், ஒரு மழைக்காலமேனும் கடக்கட்டும் என்று காத்திருக்கலாம்.