விடியலில் கரையேறும் நண்டு

திருவண்ணாமலையைத் தாண்டிய நெல்வயல்களில் விடிவதற்கு முன் நடந்து போனால், வயல் நண்டு ஒன்று பாதி உடம்பை நீருக்கு வெளியே வைத்து வரப்போரம் ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். அது வெளியே வந்திருப்பது மூச்சுக்காக.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சாதாரணமாகக் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். அதே அளவு காற்றில் அதைப்போல் 30 மடங்குக்கும் மேல் உண்டு. பகலில் பாசி ஆக்சிஜனைத் தருகிறது. இருட்டியபின் அதுவும் சேற்றிலுள்ள பாக்டீரியாவும் எடுக்க மட்டுமே செய்கின்றன. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் பஞ்சம் உச்சத்தில் இருக்கும். கோயில் குளத்து மீன்களுக்கு நாம் கொட்டும் பொரியில் தின்றது போக மிச்சம் அழுகுவதும் இதே பஞ்சத்தைக் கூட்டும். புண்ணியக் கணக்கு தனி.

நண்டின் செவுள்கள் ஓட்டுக்கடியில் இரு பக்க அறைகளில் இருக்கின்றன. வாயருகே ஒரு சிறு தகடு ஓயாமல் ஆடி, அவற்றின் மேல் நீரை ஓடவிடுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய தகட்டின் ஆட்டம் வேகமெடுக்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இதில் தாமிரம் செய்கிறது. ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். அதுவும் போதாதபோது, சேமித்த கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து நாளை ஓட்டும். அப்போது சேரும் லாக்டேட் வெறும் கழிவு என்றுதான் தோன்றும். ஆனால் பல நண்டினங்களில் அந்த லாக்டேட்டே ஹீமோசயனினோடு சேர்ந்து, ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வயல் நண்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. செவுளறையின் உட்சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால், செவுள் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும். வளை தோண்டி வரப்பை ஒழுகவிடுகிறது என்று திட்டு வாங்கும் பிராணி, மூச்சு விஷயத்தில் மீன்களில் பலவற்றைவிடக் கெட்டி. இறாலுக்கு இந்த வசதி இல்லை. பண்ணைக் குட்டைகளில் இரவெல்லாம் ஏரேட்டர் சுழல்வது அதற்காகத்தான்.

குளத்து நீரில் துள்ளும் மோய்னாவும் டாஃப்னியாவும் நண்டுக்குத் தூரத்துச் சொந்தம், மிகச் சிறியவை. இவை கரையேற முடியாது. ஆக்சிஜன் குறைந்தால் சில நாட்களிலேயே நம்மைப்போல ஹீமோகுளோபினைக் கூடுதலாகத் தயாரித்து, நிறமற்ற உடம்பு சிவக்க நிற்கின்றன. ஆனால் சிவப்பு, மீன்களின் கண்ணில் சீக்கிரம் படும் நிறம். நீர் தெளிந்து ஆக்சிஜன் திரும்பியதும் கூடுதல் ஹீமோகுளோபின் குறைந்து, உடம்பு பழையபடி வெளிறிவிடும்.